பழைய கிட்டார் ஆம்ப்: விற்கவா, வைத்திருக்கவா?

இந்த முறை வந்த கடிதங்களில் மூன்று, பழைய வால்வு ஆம்ப் (கண்ணாடி வால்வுகளில் ஓடும் கிட்டார் ஒலிபெருக்கி) பற்றியவை. மூன்று பேரும் கேட்பது ஒன்றுதான், ஆனால் மூவருக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது. முதல் கடிதத்துக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: வணக்கம் அண்ணா. ரொறன்ரோவில் ஸ்காபரோவில் இருக்கிறேன். 90களின் தொடக்கத்தில் நானும் என் அண்ணாவும் சேர்ந்து, பழைய வாத்தியங்கள் விற்கும் கடையொன்றில் ஒரு ஃபென்டர் ட்வின் ரிவர்ப் வாங்கினோம். முகப்பு வெள்ளி நிறம், மொத்தச் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மாஸ்டர் வால்யூம் குமிழும் இருக்கிறது. எங்கட ஆட்களின் கல்யாண வீடுகள், ஹோல் நிகழ்ச்சிகள் எல்லாவற்றுக்கும் அதைத்தான் தூக்கிக்கொண்டு திரிந்தோம். அண்ணா இப்போது சுவிஸில். நான் வீட்டை விற்றுவிட்டு கொண்டோவுக்கு மாறப் போகிறேன், முதுகிலும் வருத்தம். பேஸ்மென்டில் ஆறேழு வருடமாகப் போடாமலே கிடக்கிறது. மகன் ஹெட்போனில் வாசிக்கிறவன், அவனுக்கு இது வேண்டாம். கடைக்காரர் ஒருவர் ‘அப்படியே கொண்டு வாருங்கள், எடுத்துக்கொள்கிறேன்’ என்கிறார். நண்பரோ ‘இன்னும் பத்து வருடம் வைத்திரு, விலை ஏறும்’ என்கிறார். அண்ணாவைக் கேட்டால் ‘உன்ர விருப்பம்’ என்கிறார். என்ன செய்வது?

பதில்: விற்றுவிடுங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் அந்தக் கடைக்காரரிடம் இப்போதே கொண்டுபோய்க் கொடுத்துவிடாதீர்கள்.

முதலில் உங்கள் நண்பர் சொன்னதை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் பலரும் இந்த நம்பிக்கையில்தான் ஆம்பைப் பூட்டி வைத்திருக்கிறார்கள். பழசு என்பதாலேயே எல்லாம் ஒரே மாதிரி விலை ஏறுவதில்லை. லியோ ஃபென்டர் கலிபோர்னியாவில் ஃபுல்லர்ட்டனில் நடத்திய கம்பெனியை 1965 ஜனவரியில் சிபிஎஸ் என்ற அமெரிக்க ஒலிபரப்பு நிறுவனம் 1.3 கோடி டாலருக்கு வாங்கியது. அதற்கு முன்பும் பின்பும் சில வருடங்கள், அதாவது 1963 முதல் 1967 வரை வந்த கருப்பு முகப்பு ஆம்புகளுக்குத்தான் சேகரிப்பாளர்கள் பெரிய விலை கொடுக்கிறார்கள். 1967 கடைசியில் தொடங்கி 80களின் தொடக்கம் வரை வந்தவை வெள்ளி முகப்பு, உங்களுடையது அந்த வரிசை. மாஸ்டர் வால்யூம் இருக்கிறது என்பதால் 1972இலோ அதற்குப் பிறகோ வந்ததாக இருக்கும். ஆம்பின் பின்பக்கம் பாதி திறந்துதான் இருக்கும், எதையும் கழற்றாமல் டார்ச் அடித்துப் பார்த்தால் டிரான்ஸ்ஃபார்மரில் 606 என்று தொடங்கும் ஒரு எண் தெரியும். 606 என்பது தயாரித்த ஷூமேக்கர் கம்பெனியின் குறி, அடுத்த இலக்கம் வருடத்தின் கடைசி எண், அதற்கடுத்த இரண்டும் வாரம். 606325 என்றிருந்தால் 1973ஆம் வருடம் 25வது வாரம். ஸ்பீக்கரிலும் இதே கணக்குதான், தொடக்க எண் மட்டும் மாறும்: ஜென்சனுக்கு 220, ஆக்ஸ்ஃபோர்டுக்கு 465. இரண்டும் ஒத்துப்போனால் ஸ்பீக்கர் அந்தக் காலத்தோடு வந்ததுதான் என்று வாங்குகிறவரிடம் தைரியமாகச் சொல்லலாம்.

அடுத்ததைக் கேட்டால் உங்களுக்கு வருத்தமாகத்தான் இருக்கும். ட்வின் பெரியது, அதனால் அதற்குத்தான் அதிக விலை என்று தோன்றும், ஆனால் சந்தையில் அதில் பாதி பவர்கூட இல்லாத, ஃபென்டரின் இன்னொரு ஆம்பான டீலக்ஸ் ரிவர்ப் ட்வினை விட அதிக விலைக்குப் போகிறது. காரணம் எளிது. ட்வின் உருவான காலத்தில் ஹாலில் இருந்த ஒலிபெருக்கி பாடகருக்கு மட்டும்தான், கிட்டார்காரர் தன் ஆம்பை வைத்தே ட்ரம்ஸைத் தாண்டிக் கடைசி வரிசை வரை கேட்க வைக்க வேண்டும், அதற்காகத்தான் நான்கு 6எல்6 வால்வும் இரண்டு 12 அங்குல ஸ்பீக்கரும் 85 வாட்டும், பிறகு 100 வாட்டும். இப்போது எந்த மேடையிலும் ஆம்புக்கு முன்னால் ஒரு மைக் வைத்து மிக்ஸரில் சேர்த்துவிடுகிறார்கள், 20 வாட் தாராளம். அதனால் சுமார் 30 கிலோவைத் தூக்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. ட்வினின் சத்தம் குறைந்தது என்று நான் சொல்லவில்லை, நன்றாகத் திறந்தாலும் கரகரப்பு இல்லாமல் மணி மாதிரி வரும் அந்தச் சுத்தமான ஒலிக்கு இன்றைக்கும் அதுதான் உரைகல். வாங்கக்கூடியவர்களின் எண்ணிக்கை சின்னது, அவ்வளவுதான். பத்து வருடம் பொறுத்தால் அந்த எண்ணிக்கை பெருகும் என்று நம்ப எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

கொண்டோவில் வைத்து வாசிக்கலாமா என்றால், வேண்டாம். மாஸ்டர் வால்யூமைக் குறைத்து வாசித்தால் ட்வின் உயிரில்லாமல் ஒலிக்கும். நான்கு வால்வில் இரண்டைக் கழற்றி, ஒரு ஸ்பீக்கரின் இணைப்பையும் எடுத்துவிட்டால் பவர் பாதியாகும் என்று யாராவது சொல்வார்கள். உண்மைதான். ஆனால் வாட் பாதியானால் குறைவது 3 டெசிபெல்தான், பக்கத்து வீட்டுக்காரருக்கு அந்த வித்தியாசம் தெரியவே தெரியாது.

வீட்டைப் பற்றி எழுதாமல், வாரம் ஒருமுறை நண்பர்கள் கூடுகிற பேஸ்மென்ட் இன்னும் இருக்கிறது என்று எழுதியிருந்தால் நான் வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன். வால்வு ஆம்ப் சும்மா கிடந்தால்தான் கெடுகிறது. உள்ளே பவர் சப்ளையில் மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் கண்டென்சர்கள், மின்சாரம் பாயாமல் வருடக்கணக்கில் கிடந்தால் தன்மை மாறிவிடும். பாகங்களைக் கோர்த்திருக்கும் அந்தக் கருப்பு அட்டை பேஸ்மென்ட் ஈரத்தை உறிஞ்சி, கடத்தக் கூடாத இடத்தில் மின்சாரத்தைக் கடத்த ஆரம்பிக்கும், அதனால்தான் பல பழைய ஃபென்டர்களில் காரணம் தெரியாத படபடச் சத்தம் வருகிறது. எதிரொலி தரும் ரிவர்ப் பெட்டியில் இருப்பது மெல்லிய ஸ்பிரிங்குகள், அவற்றின் முனையிலுள்ள கம்பிச்சுருள் அறுந்துபோனால் ரிவர்ப் மௌனமாகிவிடும்.

ஆகவே ஆறேழு வருடம் கழித்து ‘வேலை செய்கிறதா பார்ப்போம்’ என்று நேராகப் பிளக்கில் சொருகாதீர்கள். ஒரு நல்ல வால்வு ஆம்ப் டெக்னீஷியனிடம் கொடுத்தால் அவர் வேரியாக் என்ற கருவியை வைத்து மின்னழுத்தத்தை மெல்ல மெல்ல ஏற்றிப் பார்ப்பார். நீங்களே சேஸிஸை (பாகங்கள் பொருத்திய உலோகச் சட்டத்தை) கழற்றிப் பார்க்கவும் கூடாது. உள்ளே 400 வோல்ட்டுக்கு மேல் ஓடுகிறது, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சரில் அது தேங்கி நிற்கும், அதனால் உயிர் போகும். ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றிவிட்டு ஆம்பைப் போடுவதும் ஆபத்து, அது ஆளுக்கல்ல, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மருக்கு. அது எரிந்துவிட்டால் மதிப்பில் பெரும் பகுதி போய்விடும்.

சர்வீஸ் செய்தால் ‘ஒரிஜினல்’ என்ற பேர் போய்விடுமே என்று பயப்பட வேண்டாம். மேலே சொன்ன அந்த எலக்ட்ரோலிடிக் கண்டென்சர்களை மாற்றுவது காருக்கு டயர் மாற்றுவது போல, விவரம் தெரிந்தவர் யாரும் அதற்காக விலையைக் குறைக்க மாட்டார், மாற்றாமல் விட்டால்தான் குறைப்பார். எர்த்துடன் மூன்று முள் பிளக்கும் அப்படியே. கழற்றிய பாகங்களை மட்டும் டெக்னீஷியனிடம் கேட்டு வாங்கி ஒரு பையில் போட்டு, அவருடைய ரசீதையும் சேர்த்து வாங்குகிறவரிடம் கொடுங்கள், அந்தப் பையே பாதிப் பேரம் பேசும். மற்றபடி எதையும் தொட வேண்டாம். வெள்ளி முகப்பின் சர்க்யூட்டைக் கருப்பு முகப்பின் சர்க்யூட்டாக மாற்றித் தருகிறேன் என்று டெக்னீஷியன் ஆசை காட்டலாம். அது வாங்குகிறவர் எடுக்க வேண்டிய முடிவு. மேல் உறையில் கீறல் இருந்தால் இருக்கட்டும், ஸ்பீக்கர் கோன் கிழியாமல் இருந்தால் அதைப் புதுப்பிக்கவும் வேண்டாம்.

‘அப்படியே எடுத்துக்கொள்கிறேன்’ என்கிற கடைக்காரர் அந்த சர்வீஸ் செலவையும், தன் லாபத்தையும், ஓடாமல் போனால் என்ன என்கிற பயத்தையும் சேர்த்துக் கழித்துவிட்டுத்தான் உங்களுக்கு ஒரு தொகை சொல்வார். அது அவர் பிழைப்பு, தப்பில்லை. ஆனால் ஓடுகிற ஆம்பை, ஒரு கிட்டார்காரரை வீட்டுக்கு வரவழைத்து வாசித்துப் பார்க்கச் சொல்லி, அவருக்கே நேரடியாக விற்றால் கையில் நிற்பது கண்டிப்பாகக் கூடும். என்ன விலை சொல்லலாம் என்று பார்க்கும்போது, விற்பவர்கள் கேட்கிற விலையை விட்டுவிட்டு, உண்மையில் விற்றுப்போன விலைகளை மட்டும் பாருங்கள், இரண்டுக்கும் நடுவே பெரிய இடைவெளி இருக்கும். பார்சலில் அனுப்பும் பேச்சே வேண்டாம். 30 கிலோப் பெட்டி வழியில் ஒருமுறை விழுந்தால் கனமான டிரான்ஸ்ஃபார்மர்கள் சேஸிஸையே வளைத்துவிடும். உள்ளூரில், நேரில் வந்து எடுக்கிறவருக்கே கொடுங்கள்.

அப்புறம் உங்கள் அண்ணா. நம் வீடுகளில் ‘உன்ர விருப்பம்’ என்றால் உண்மையிலேயே உன் விருப்பம் என்று அர்த்தமாகும் நாள்கள் குறைவு. இருவரும் காசு போட்டு வாங்கியது, இருவரும் சுமந்தது. இன்னொரு முறை கூப்பிட்டு, விற்கத் தீர்மானித்துவிட்டேன், இந்த விலைக்கு இந்த மாதத்தில் போகும் என்று தெளிவாகச் சொல்லுங்கள், அப்போதுதான் மனதில் இருப்பது வெளியே வரும். சர்வீஸ் முடிந்து வந்ததும், கொடுப்பதற்கு முன்னால், நன்றாகத் திறந்து ஒரு சாயங்காலம் முழுக்க வாசியுங்கள், மகனையும் ஒருமுறை அதில் வாசிக்க வையுங்கள். ஹெட்போனில் வாசித்தே பழகியவனுக்கு இரண்டு 12 அங்குல ஸ்பீக்கர் காற்றைத் தள்ளுவது கால்சட்டையில் தெரியும். அவன் மனம் மாறினால் இந்தப் பதில் முழுவதையும் தள்ளிவைத்துவிடுங்கள்.

விற்ற காசில் சின்னதாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஒற்றை 10 அங்குல ஸ்பீக்கர் கொண்ட பிரின்ஸ்டன் ரிவர்ப் மறுபதிப்பு கொண்டோவிலும் தாங்கும். ட்வின் ஒலிதான் வேண்டும் என்றால், ஃபென்டரே 2019இல் கொண்டுவந்த டோன் மாஸ்டர் ட்வின் வால்வு இல்லாத டிஜிட்டல் ஆம்ப், எடை சுமார் 15 கிலோ, பின்னால் ஒரு சுவிட்சில் பவரை 1 வாட் வரை குறைக்கலாம். வால்வுப் பிரியர்கள் முகம் சுளிப்பார்கள். முதுகு வலிப்பது அவர்களுக்கு இல்லையே.

கேள்வி: லண்டனில் இருக்கிறேன். 60களின் வாக்ஸ் ஏசி30 ஆம்ப் ஒன்று உள்ளது. பழைய நீல ஸ்பீக்கர்களைக் கழற்றிப் பரணில் வைத்துவிட்டு வேறு போட்டு வாசிக்கிறேன். விற்கும்போது ஸ்பீக்கர்களைத் தனியாக விற்றால் லாபமா?

பதில்: அந்த நீல செலஸ்டியன் ஸ்பீக்கர்கள் ஏசி30இன் பாதி உயிர். தனியாகவும் நல்ல விலைக்குப் போகும் என்பது உண்மை, ஆனால் ஒருமுறை பிரித்துவிட்டால் அந்த ஆம்ப் மறுபடி முழுதாவது கடினம். டார்ட்ஃபோர்டில் ஜென்னிங்ஸ் கம்பெனி செய்த அந்தக் கால ஆம்ப் முழு ஒரிஜினலாகக் கிடைப்பது குறைந்துகொண்டே வருகிறது, எனவே விற்பதானால் ஸ்பீக்கர்களை அதன் பெட்டியிலேயே மாட்டி விற்க வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் நீங்கள் இன்னும் வாசிக்கிறீர்களே, விற்பானேன்? ஏசி30 இயல்பிலேயே சூடாக ஓடும் ஆம்ப். மேலே எதையும் மூடாமல், காற்றோட்டமாக வைத்து வாசியுங்கள்.

கேள்வி: சென்னையில் கல்லூரியில் படிக்கிறேன். அமெரிக்காவில் இருந்து திரும்பிய மாமா, 1966 ஃபென்டர் டீலக்ஸ் ரிவர்ப் ஒன்றைக் கொடுத்தார். இரண்டு முள் பிளக். அம்மா ‘விற்றுப் படிப்புக்கு வை’ என்கிறார். ஸ்டெப்-டவுன் (மின்னழுத்தத்தைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர்) போட்டு ஒருமுறை வாசித்தேன், மைக்கில் உதடு பட்டபோது லேசாக ஷாக் அடித்தது.

பதில்: தம்பி, இதைச் சரிசெய்யும்வரை அந்த ஆம்பைத் தொடாதீர்கள். அந்தக் காலத்து இரண்டு முள் ஃபென்டர்களில் மெயின்ஸ் ஒயருக்கும் சேஸிஸுக்கும் நடுவே ஒரு கண்டென்சர் இருக்கும், அமெரிக்காவில் அதற்கு மரணக் கண்டென்சர் என்றே பேர். அது பழுதாகி ஷார்ட் ஆனால் சேஸிஸ், கிட்டார் கம்பி, உங்கள் கை எல்லாம் மெயின்ஸோடு சேர்ந்துவிடும், மைக் எர்த் ஆகிவிடும். அன்று அடித்தது லேசான ஷாக் என்பது அதிர்ஷ்டம். முதல் வேலையாக அந்தக் கண்டென்சரை எடுத்துவிட்டு, மூன்று முள் பிளக் போட்டு, எர்த்தைச் சேஸிஸில் இணைக்க வேண்டும். வால்வு ரேடியோ, வால்வு ஆம்ப் பார்த்துப் பழகிய பெரியவர் யாரையாவது தேடிப் பிடித்து அவரிடமே இதைக் கொடுங்கள்.

ஸ்டெப்-டவுன் 500 விஏ அளவில், எர்த் ஊடாக வரும் ரகமாக வாங்குங்கள், ரிச்சி தெருவில் கிடைக்கும். அந்த ஆம்ப் 117 வோல்ட், 60 ஹெர்ட்ஸுக்குச் செய்தது. நம் 50 ஹெர்ட்ஸில் டிரான்ஸ்ஃபார்மர் கொஞ்சம் அதிகம் சூடாகும், மணிக்கணக்கில் விடாமல் போட வேண்டாம்.

விற்பது பற்றி: 22 வாட், கருப்பு முகப்பு, 1966. மேலே ட்வினின் விலை பற்றிச் சொன்னது எதுவும் இதற்குப் பொருந்தாது, வீட்டிலும் வாசிக்கலாம், மேடையிலும் வாசிக்கலாம், உலகம் முழுக்கத் தேடுகிறார்கள். ஆனால் அந்த விலையைக் கொடுக்கும் ஆள் அமெரிக்காவிலோ ஜப்பானிலோ இருக்கிறார், இங்கே அவசரத்துக்கு விற்றால் கிடைப்பது அதில் ஒரு பங்குதான். படிப்புச் செலவு இந்த வருடமே கழுத்தை நெரிக்கிறது என்றால் அம்மா சொல்வதுதான் சரி, மாமாவையே விட்டு அங்கே உள்ள தன் பழைய நண்பர்களிடம் பேசச் சொல்லுங்கள். அப்படி இல்லை என்றால் வைத்துக்கொள்ளுங்கள், வாங்கும் வசதி உங்களுக்கு வரும்போது இதே ஆம்ப் இதைவிட நல்ல நிலையில் கிடைக்காது. அம்மாவிடம் அதன் உண்மையான மதிப்பை மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.