டக்டில் தூசி, மகனுக்கு இழுப்பு: மருத்துவர் பதில்

கேள்வி: ஷார்ஜாவில் சென்ட்ரல் ஏசி உள்ள ஃப்ளாட்டில் இருக்கிறோம். மணல்காற்று அடித்தாலே 6 வயது மகனுக்கு இருமல், ராத்திரியில் இழுப்பு. டக்டுக்குள் (ஏசி காற்றை அறைகளுக்குக் கொண்டுவரும் தகரக் குழாய்) கேமரா விட்டுக் காட்டிய ஒருவர், 3 மாதத்துக்கு ஒருமுறை சுத்தம் செய்து மருந்தும் அடிக்கவேண்டும் என்கிறார். செய்யலாமா?

பதில்: அதே மாதிரிப் படங்களைப் பலர் போனில் வைத்துக்கொண்டு என்னிடம் நீட்டியிருக்கிறார்கள். பாலைவன ஊரில் எந்த டக்டுக்குள் கேமரா விட்டாலும் தூசி தெரியத்தான் செய்யும். தகரத்தில் ஒட்டிப் படிந்த தூசி பெரும்பாலும் அங்கேயே கிடக்கும். டக்டைச் சுத்தம் செய்வதால் நோய் தடுக்கப்படுகிறது என்பது நிரூபணமாகவில்லை என்றுதான் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையும் சொல்கிறது. உள்ளே பூஞ்சை பிடித்திருந்தாலோ, எலி, கரப்பான் குடியிருந்தாலோ, அறைக்குள் காற்று வரும் கிரில் வழியாகத் தூசி கொட்டினாலோ கட்டாயம் செய்யுங்கள். காலண்டர் பார்த்துச் செய்யத் தேவையில்லை.

வீட்டிலேயே ஒரு சோதனை: கிரில்லை நன்றாகத் துடைத்துவிட்டு, மெல்லிய வெள்ளைத் துணியைக் கட்டி ஒரு ராத்திரி ஏசியை ஓடவிடுங்கள். காலையில் துணியின் உள்பக்கம் மண் நிறம் ஏறியிருந்தால் ஆளைக் கூப்பிடலாம். கிரில்லைச் சுற்றிச் சீலிங்கில் கறுப்பாகக் கோடு விழுந்திருப்பதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். பல நேரம் அது அறையில் சுற்றும் தூசியே குளிர்ந்த விளிம்பில் ஒட்டுவது.

எனக்குச் சந்தேகமெல்லாம் ஈரத்தின் மேல்தான். பாத்ரூம் அல்லது நடைவழியின் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே ஏசி யூனிட் இருக்கும். அதற்கான சீலிங் கதவைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். காற்றைக் குளிரவைக்கும் குழாய்ச்சுருளான காயிலில் தூசி சேறாக அப்பியிருக்கிறதா? கீழே உள்ள டிரேயில் தண்ணீர் வடியாமல் நிற்கிறதா? ஏசி போட்டதும் ஈரத்துணி நாற்றம் வருகிறதா? பூஞ்சை வளர்வது இங்கேதான். மெயின்டனன்ஸ் ஆளிடம் காயிலையும் டிரேயையும் கழுவச் சொல்லுங்கள். டக்டுக்குப் போகிற பணத்தில் பாதிகூட ஆகாது.

ஃபில்டரை மணல்காற்றுக் காலத்தில் 2 வாரத்துக்கு ஒருமுறை கழுவி, நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள். கழுவுகிற வலை ஃபில்டர் பெருந்தூசியை மட்டுமே பிடிக்கும். நுரையீரலின் ஆழம்வரை போகும் நுண்தூசி அதில் நிற்காது. அதற்காக ரொம்ப அடர்த்தியான ஃபில்டரை நீங்களாகச் செருகிவிடாதீர்கள், காற்றோட்டம் குறைந்து காயில் உறைந்துபோகலாம். பையன் தூங்கும் அறையில் நுண்தூசியையும் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டர் உள்ள ஏர் பியூரிஃபயர் ஒன்று வைப்பது மேல்.

காற்று அடிக்கும்போது பாத்ரூம், சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேன்களை நிறுத்துங்கள். அவை உள்காற்றை வெளியே தள்ளத் தள்ள, வாசல் இடுக்கு வழியே மண் உள்ளே இழுக்கப்படும். கதவின் அடியில் ஈரத்துண்டு வையுங்கள். அடங்கியதும் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். பக்கூர் (அரபு வாசனைப் புகை), சாம்பிராணி இரண்டும் இந்தப் பையனுக்கு ஆகாது. டக்டுக்குள் அடிக்கிற மருந்தும் அப்படித்தான், அதை அவன்தானே சுவாசிக்கவேண்டும்!

சரி, பையன் விஷயத்துக்கு வருவோம். ராத்திரி இழுப்பு அடிக்கடி வருகிறது என்றால் ஆஸ்துமாவா என்று குழந்தை மருத்துவரிடம் காட்டியே ஆகவேண்டும். தினசரித் தடுப்பு இன்ஹேலர் எழுதிக்கொடுத்தால் ஸ்பேசர் (இன்ஹேலரில் மாட்டும் குழல்) வைத்துக் கொடுங்கள். "பழகிவிடும்" என்று ஊரிலிருந்து போன் வரும், பழகாது. விலா எலும்புக்கு நடுவே சதை உள்வாங்கினால், ஒரு வாக்கியம் முழுதாகப் பேசமுடியாமல் திணறினால், உதடு நீலம் பாய்ந்தால் காத்திருக்காமல் ஆம்புலன்ஸுக்கு 998-ஐ அழையுங்கள்.

அப்புறம், லீவில் ஊருக்கு வரும்போது இருமல் நிற்கிறதா, அங்கேயும் தொடர்கிறதா என்று தேதி போட்டுக் குறித்துவையுங்கள். மருத்துவருக்கு அந்தக் கேமரா படத்தைவிட இந்தக் குறிப்பு அதிகம் பயன்படும்.