வழியில் உயிர் போனால் ஆம்புலன்ஸ் டெக்னீஷியன் மேல் வழக்கு வருமா?

கேள்வி: திண்டிவனம் பக்கம் தனியார் ஆம்புலன்ஸில் டெக்னீஷியனாக இருக்கிறேன், வயது 24. காலி வண்டியில் திரும்பும்போது பைபாஸில் பைக் விபத்தில் அடிபட்டவரை ஏற்றினோம். வழியில் மூச்சு நின்றது. சி.பி.ஆர். (மார்பை அழுத்தும் முதலுதவி) கொடுத்துக்கொண்டே போயும் பிழைக்கவில்லை. ஓனர் அந்த வீட்டாரிடம் 4,000 ரூபாய் வாங்கிவிட்டார். நான்கு நாள் கழித்து ஸ்டேஷனுக்குக் கூப்பிடுகிறார்கள். “யாரோ ஆட்டோவில் கொண்டுவந்ததாகச் சொல்லிவிடு” என்கிறார் ஓனர். என் மேல் வழக்கு வருமா? அன்று கிளவுஸ் இல்லை, விரலில் இருந்த வெட்டுக்காயத்தில் அவர் ரத்தம் பட்டது. இனி ரோட்டில் யாரையும் ஏற்றாமல் இருப்பதே நல்லதா?

பதில்: அடிபட்டவரை ஏற்றியதற்காக உங்கள் மேல் வழக்கு வராது. ஆட்டோ கதையைச் சொன்னால் வரும். மருத்துவமனையில் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) என்ட்ரி போடும்போதே யார் கொண்டுவந்தார்கள் என்று எழுதியிருப்பார்கள். வாசலில் கேமரா இருக்கும், நீங்கள் டோல்கேட்டைத் தாண்டியிருந்தால் ஃபாஸ்டேக் நேரத்தையும் சொல்லும். ஓனர் தன் வண்டியின் குறையை மறைக்கப் பார்க்கிறார், மாட்டப்போவது நீங்கள்.

ஸ்டேஷனுக்குப் போங்கள். எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள், ஆள் என்ன நிலையில் இருந்தார், என்ன செய்தீர்கள், யாரிடம் ஒப்படைத்தீர்கள், இவ்வளவுதான் சொல்ல வேண்டும். பைக்காரர் வேகமாக வந்தாரா, லாரி இடித்ததா என்றெல்லாம் யூகிக்காதீர்கள். நீங்கள் அதைப் பார்க்கவில்லை. சாட்சி சொல்வதை போலீஸ் எழுதிக்கொள்ளலாம், ஆனால் அந்த வாக்குமூலத்தில் உங்கள் கையெழுத்தை வாங்கக் கூடாது என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 181-வது பிரிவு சொல்கிறது. பழைய சட்டத்திலும் இப்படித்தான் இருந்தது. இருந்தும் வெள்ளைத்தாளை நீட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். போடாதீர்கள்.

அப்புறம் அந்த வாட்ஸ்ஆப் செய்தி. ‘விபத்தில் உதவினால் யாரும் கேள்வி கேட்க முடியாது’ என்று சுற்றுகிறதே, அது பாதி உண்மை. 2016-ல் உச்ச நீதிமன்றம் உதவுபவர்களுக்கான வழிகாட்டுதல்களுக்குச் சட்டத்தின் பலம் கொடுத்தது. 2019 திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ வந்தது. ஆனால் அந்தப் பிரிவு காப்பாற்றுவது தானாக முன்வந்து, எந்தப் பலனும் எதிர்பாராமல், நல்லெண்ணத்தோடு உதவுகிறவரை. சம்பளத்துக்கு டூட்டியில் இருக்கும் டெக்னீஷியன் அதை நம்பி உட்கார முடியாது. உங்கள் கதை கொஞ்சம் வேறு. காலி வண்டியில் திரும்பினீர்கள், யாரும் கூப்பிடவில்லை, நீங்களாக நிறுத்தினீர்கள். பணம் மட்டும் வாங்காமல் இருந்திருந்தால் 134ஏ உங்களுக்கும் பொருந்தும் என்று நான் தைரியமாக வாதாடுவேன். ஓனர் வாங்கிய 4,000 அதைக் கெடுத்துவிட்டது. பணம் உங்கள் கைக்கு வரவில்லை, கேட்டதும் நீங்கள் இல்லை. அதனால் உங்கள் பங்கைத் தனியாகப் பிரித்துக் காட்ட இன்னும் இடம் இருக்கிறது. அந்தத் தொகைக்கு ரசீது கொடுத்தார்களா, யார் பெயரில் என்று பார்த்து வையுங்கள்.

சரி, அந்தக் கவசம் இல்லையென்றால் சிறையா? இல்லை. கவனக்குறைவால் மரணம் என்பது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-வது பிரிவு, ஐந்து ஆண்டு வரை தண்டனை. பதிவுபெற்ற மருத்துவருக்கு மட்டும் இரண்டு ஆண்டு என்று குறைத்திருக்கிறார்கள், டெக்னீஷியனுக்கு அந்தச் சலுகை கிடையாது. ஆனால் ஆள் இறந்தார் என்பதே கவனக்குறைவு ஆகிவிடாது. பயிற்சி பெற்ற இன்னொருவர் உங்கள் இடத்தில் செய்திருப்பதை நீங்கள் செய்தீர்களா என்றுதான் பார்ப்பார்கள். மூச்சு நின்ற பிறகும் சி.பி.ஆர். கொடுத்தபடி போனது சரி. இறந்துவிட்டார் என்று சொல்ல வேண்டியவர் மருத்துவர், நீங்கள் அல்ல.

எந்த மருத்துவமனைக்குப் போனீர்கள் என்று எழுதவில்லை. அதுதான் எனக்கு உறுத்துகிறது. பக்கத்தில் ஜி.எச். இருக்க, கமிஷன் தரும் தனியார் மருத்துவமனைக்கு வண்டியைத் திருப்பியிருந்தால், மேலே சொன்ன எதுவும் உங்களைக் காப்பாற்றாது. ‘ஒரு கேஸுக்கு இவ்வளவு’ என்று டிரைவர் கையில் திணிக்கும் மருத்துவமனைகள் இந்தத் தொழிலின் புற்று. டிரைவர் திருப்பினார், நான் பின்னால் இருந்தேன் என்று நீங்கள் தப்பிக்கவும் முடியாது. நோயாளிக்குப் பொறுப்பு பின்னால் இருப்பவர்தான். ‘பணம் கட்டாமல் சேர்க்க மாட்டார்கள்’ என்ற சாக்கும் செல்லாது. போலீஸ் கேஸாக இருந்தாலும் முதலில் உயிரைக் காப்பாற்று என்று 1989-லேயே பர்மானந்த் கடாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தமிழ்நாட்டில் 2021 முதல் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில், தனியார் உட்பட, முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம்.

இன்னொரு கூட்டம் மார்ச்சுவரி வாசலில் நிற்கும். “கிளைம் வாங்கித் தருகிறேன், இந்த வண்டி நம்பரைப் பார்த்ததாகச் சொல்” என்று கேட்கும். பார்க்காத வண்டியைப் பார்த்ததாகச் சொல்வது பொய் சாட்சி. இழப்பீட்டு வழக்கும் கவிழும், அந்தக் குடும்பம் நடுத்தெருவில் நிற்கும், புரோக்கர் அடுத்த மார்ச்சுவரிக்குப் போய்விடுவார்.

இனியும் ஏற்றுங்கள். ஏற்றும் முன் 108-க்கு ஒரு போன் போடுங்கள், நேரம் பதிவாகிவிடும். டூட்டி ஏறியதும் ஆக்சிஜன், சக்ஷன் (தொண்டையில் தேங்கும் ரத்தம், சளியை உறிஞ்சும் கருவி), கிளவுஸ் பார்த்து டிரிப் ஷீட்டில் எழுதுங்கள். இல்லாததை ‘இல்லை’ என்று எழுதி ஓனருக்கு அனுப்புங்கள். வண்டிக்கு ஃபிட்னஸ் சான்று தரப் பார்க்கிறவர்கள் சைரன் அடிக்கிறதா என்று பார்க்கிறார்கள், சிலிண்டர் காலியா என்று யாரும் திறந்து பார்ப்பதில்லை. அதனால் அந்த எழுத்து ஒன்றுதான் உங்கள் பக்கம் பேசும். சிவப்பு விளக்கைத் தாண்டும் சலுகை உயிர் காக்கும் அவசரத்துக்கு மட்டும், அதுவும் நிதானமாக. காலி வண்டிக்கு அது கிடையாது.

ரத்தம் பட்டது பற்றிய பதிலை மட்டும் உங்கள் கடிதம் வந்த அன்றே அனுப்பிவிட்டேன், மற்றவர்களுக்காக மறுபடியும் சொல்கிறேன். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை இரண்டு மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால் நல்லது, 72 மணி நேரத்துக்கு மேல் பயனில்லை. 28 நாள் சாப்பிட வேண்டும். பணியாளருக்கு இந்தப் பாதுகாப்பைக் கொடுப்பது நிர்வாகத்தின் கடமை என்று 2017 எச்.ஐ.வி. சட்டம் சொல்கிறது, ஓனர் காட்டும் கருணை அல்ல. நேரம் கடந்திருந்தால் அரசு மருத்துவமனையில் எச்.ஐ.வி. பரிசோதனைக்கான நம்பிக்கை மையத்தில் இலவசமாக ரத்தப் பரிசோதனை செய்துகொண்டு, அவர்கள் சொல்லும் தேதியில் மறுபடியும் போங்கள். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி மூன்று தவணையும் போட்டிருக்கிறீர்களா என்று மருத்துவர் கேட்பார், சீட்டு இருந்தால் எடுத்துப் போங்கள்.