மூன்றாவது கைக்கு எங்கே போவது?

கேள்வி: எனக்கு 52 வயது. கிடங்கு ஒன்றில் மேற்பார்வையாளர். புற்றுநோயால் குரல்வளையை முழுவதும் அகற்றி ஐந்து மாதங்கள் ஆகின்றன. பேசுவதற்காக, மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் நடுவே குரல் வால்வு பொருத்தியிருக்கிறார்கள். மூச்சு விடும் கழுத்துத் துளையை விரலால் மூடிப் பேசப் பழகிவிட்டேன். வேலைக்குப் போகலாம் என்கிறார் மருத்துவர். இந்தக் குரலைக் கேட்டுச் சிரிப்பார்களோ என்று எனக்குத்தான் கால் எழவில்லை.

பதில்: போய் வாருங்கள். ஆனால் குரலுக்காக இவ்வளவு கவலைப்படும் நீங்கள், தூசியைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே! காற்றைச் சூடாக்கி, ஈரமாக்கி, வடிகட்டி அனுப்பிய மூக்குக்கு இப்போது அந்த வேலை இல்லை. கிடங்குத் தூசி நேரே மூச்சுக்குழாய்க்குள் போகும். சளி காய்ந்து துளையோரம் பொருக்குத் தட்டும். ஈரம் காக்கும் வடிகட்டியைத் துளையின்மேல் எப்போதும் அணியுங்கள். மாற்று வடிகட்டியும் சிறிய கண்ணாடியும் பையில் இருக்கட்டும்.

பழைய நினைப்பில் மூட்டைக்குக் கை கொடுத்துவிடாதீர்கள். பாரம் தூக்கும்போது குரல்வளையை மூடி மூச்சை அடக்கித்தான் தம் கட்டுகிறோம். உங்களுக்கு அந்தக் கதவு இல்லை. எதுவும் தீய்ந்தால் வாசனையும் சட்டென்று தெரியாது. புகை எச்சரிக்கைக் கருவி இருக்கிறதா என்று பாருங்கள்.

தொலைபேசிதான் பாடுபடுத்தும். ஒரு கை துளையில், மறு கையில் கைபேசி. சரக்கு எண்ணைக் குறித்துக்கொள்ள மூன்றாவது கைக்கு எங்கே போவது? ஒலிபெருக்கியில் போட்டுப் பேசுங்கள். விரல் வைக்காமலே பேச உதவும், துளையின்மேல் அணியும் வால்வும் உண்டு; எல்லாருக்கும் ஒத்துவராது, பேச்சுப் பயிற்சியாளரைக் கேளுங்கள். இரைச்சலில் முக்கிப் பேசினால் குரல் உயராது, அடைத்துக்கொள்ளும்.

சிரிப்பவர் ஒருவர் இருவர் இருக்கலாம். அவர்கள் கேட்கும் முன் நீங்களே சொல்லிவிடுங்கள். "நான் கழுத்து வழியாக மூச்சு விடுபவன். மயங்கி விழுந்தால் வாயில் அல்ல, கழுத்துத் துளையில் ஊதுங்கள்" என்று ஓர் அட்டையில் எழுதி, முதல் நாளே பக்கத்து மேசைக்காரரிடம் காட்டுங்கள். அதைப் படித்த பிறகு சிரிப்பது கடினம். இருமல் வந்தால் கை பழக்கதோஷத்தில் வாய்க்குப் போகும். சளியோ சட்டைப் பொத்தானில் தெறிக்கும். கைக்குட்டை கழுத்துக்குப் போகட்டும்.

தண்ணீர் குடித்ததும் இருமினால் குரல் வால்வு கசிகிறது என்று பொருள். விடுப்புக் கணக்குப் பார்க்காமல் மருத்துவரிடம் போங்கள். வால்வு கழன்றுவிட்டாலோ உடனே கிளம்புங்கள். அது இருந்த வழி சீக்கிரமே மூடிக்கொள்ளும்.