திடலோரம்: வெயில் தாங்காதது குற்றமா?

கேள்வி: என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள், கபடி ஆடுகிறாள். மே மாத முகாமில் பதினொரு மணி வெயிலில் மயங்கி விழுந்துவிட்டாள். ‘வெயிலுக்குப் பயந்தால் ஆட வராதே’ என்றாராம் பயிற்சியாளர். எதிர்த்துக் கேட்கலாமா?
– ஒரு தாய், கானாடுகாத்தான்

பதில்: தாராளமாகக் கேளுங்கள் அம்மா. தேவகோட்டைப் பக்கம் முப்பது வருடம் உடற்கல்வி ஆசிரியராக இருந்த நானும் அதே வார்த்தையைச் சொன்னவன்தான். சித்திரை வெயிலில் ஊருணிக் கரையை மூன்று சுற்று ஓடவிட்ட பையன் ஒருவன் திடீரென்று உளற ஆரம்பித்தான். நிழலில் கிடத்தி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி, துண்டால் விசிறிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனோம். பிழைத்தான். அன்றோடு அந்த வார்த்தையை விட்டுவிட்டேன்.

நன்றாகப் பழகிய உடம்பும் வெக்கையில் விழும். 2019இல் கத்தாரின் தோஹாவில் நடந்த உலகத் தடகளப் போட்டியில் பெண்கள் மாரத்தானை நள்ளிரவில்தான் தொடங்கினார்கள். அப்படியும் ஓடத் தொடங்கிய 68 பேரில் 40 பேர்தான் முடித்தார்கள். நம் செம்மண் திடலில் நடுப்பகலில் பதினாலு வயதுப் பிள்ளை என்ன செய்வாள்?

இன்னொன்றும் விசாரியுங்கள். திடல் பக்கத்தில் கழிப்பறை இருக்கிறதா? இல்லாத இடத்துக்குப் பெண் பிள்ளைகள் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் வருவார்கள். எனக்கே இது ஒரு மாணவியின் அப்பத்தா வந்து சத்தம் போட்ட பிறகுதான் புரிந்தது. அத்தனை வருடம் அதைக் கேட்காமலே இருந்திருக்கிறேன் என்பது இன்றும் மனதை அறுக்கிறது.

காலை ஆறு முதல் எட்டரை வரை, இல்லையென்றால் சாயங்காலம் ஐந்துக்கு மேல் பயிற்சி. இடையிடையே தண்ணீர், பக்கத்தில் கழிப்பறை. இவ்வளவையும் எழுதிக் கொடுங்கள். காலநிலை மாற்றத்தின் பாதிப்பிலிருந்து காக்கப்படுவது அரசியல் சட்டத்தின் 14, 21ஆம் பிரிவுகளில் அடங்கிய உரிமை என்று 2024இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. அதையும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கத்தார் கால்பந்து உலகக் கோப்பையைக் கோடையிலிருந்து மாற்றி வைத்தது நல்ல முடிவுதானே?
– வாசகர், காரைக்குடி

பதில்: ஆடியவர்களுக்கு நல்லதுதான். 2022 நவம்பர், டிசம்பரில் நடத்தியது சரி. ஆனால் அரங்கங்களைக் கட்டியவர்களுக்கு எந்தக் கோடையும் தள்ளிப்போகவில்லையே! போட்டியை 2010இலேயே கத்தாருக்குக் கொடுத்துவிட்டார்கள். அங்கே கோடையில் வெட்டவெளி வேலைக்கு இருந்த மதியத் தடையை 2021இல்தான் நீட்டினார்கள்: ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை, காலை 10 முதல் மாலை 3.30 வரை வேலை கூடாது. அதற்குள் பாதிக்கு மேல் வேலை முடிந்திருந்தது.

என் பழைய மாணவன் ஒருவன் அங்கே ஓர் அரங்கத்தில் சாரம் கட்டினான். 2019இல் ஒப்பந்தம் முடிந்து ஊருக்கு வந்துவிட்டான். அந்த அரங்கத்தில் நடந்த ஆட்டத்தைக் காரைக்குடியில் ஒரு டீக்கடை டிவியில் என்னோடு உட்கார்ந்துதான் பார்த்தான். பந்து எங்கே போகிறது என்று அவன் பார்க்கவே இல்லை. கேமரா மேலே போகும்போதெல்லாம் கூரையில் தான் நின்ற இடத்தைக் கைநீட்டிக் காட்டிக்கொண்டிருந்தான்.