சுருங்காத பலூன் ஏன் தரையிறங்கியது?

கேள்வி: மகளின் பிறந்தநாளுக்குப் பத்து ரப்பர் பலூன்களும், எண் 5 வடிவில் பளபளக்கும் ஃபாயில் பலூன் ஒன்றும் கேஸ் நிரப்பி வாங்கினோம். இரவில் கூரையை முட்டிக்கொண்டிருந்த ரப்பர் பலூன்கள் மறுநாள் காலையில் இடுப்பளவுக்கு இறங்கி, மாலையில் தரையில் கிடந்தன. ஆனால் பெரிதாகச் சுருங்கியதாகத் தெரியவில்லை. ஃபாயில் பலூனோ ஒரு வாரமாகியும் மேலேயே நிற்கிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?
– ஒரு வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: கடைக்காரரைக் குறை சொல்ல இதில் எதுவும் இல்லை. ஹீலியம் நிரப்பிய சாதாரண ரப்பர் பலூன் 12 முதல் 24 மணி நேரம் மிதந்தாலே அதிகம்.

கிணற்றில் நீருக்குள் இருக்கும்வரை இலேசாக வரும் குடம், நீர்மட்டத்தைத் தாண்டியதும் கனப்பதைப் பார்த்திருப்பீர்கள். நீர் குடத்தைத் தாங்குவதுபோலவே காற்றும், ஒரு பொருள் எவ்வளவு காற்றை விலக்குகிறதோ அந்தக் காற்றின் எடைக்குச் சமமான விசையுடன் அதனை மேல்நோக்கித் தள்ளுகிறது. ஓர் அடி அகலமுள்ள பலூன் கொள்ளும் 14 லிட்டர் காற்று பெங்களூரில் ஏறத்தாழ 15 கிராம் எடை இருக்கும். அதே அளவு ஹீலியம் 2 கிராம், ரப்பர் 3 கிராம். மிச்சம் 10 கிராம்தான் பலூனைத் தூக்கும் விசை. (கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கும் நம் ஊரில் காற்றின் அடர்த்தி சென்னையைவிட ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைவு என்பதால், அதே பலூன் அங்கே இன்னும் சற்று வலுவாக இழுக்கும்.)

ரப்பர் என்பது நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் பின்னிக் கிடக்கும் வலை. ஊதும்போது அது விரிந்து மெலிகிறது. தனித்தனி அணுக்களாகத் திரியும் ஹீலியம், எந்த ஓட்டையும் தேவையின்றி அந்தச் சங்கிலிகளுக்கிடையே ஊடுருவி வெளியேறுகிறது. இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. ஹீலியம் வெளியேறும் அதே வேளையில், வெளிக்காற்றும் அதைவிட மெதுவாக உள்ளே புகுகிறது. ஆகவே பலூனின் உருவம் ஓரளவு காப்பாற்றப்பட்டாலும், தூக்கும் வாயுவின் இடத்தில் தூக்காத காற்று வந்து உட்கார்ந்துகொள்கிறது. போதாததற்கு நம் கண்ணும் ஏமாறுகிறது: கொள்ளளவு பாதியாகக் குறைந்தாலும், உருண்டையான பலூனின் விட்டம் ஐந்தில் ஒரு பங்குதான் குறையும்.

ஃபாயில் பலூனின் உறை, மிக மெல்லிய அலுமினியப் பூச்சு ஏறிய பிளாஸ்டிக் தாள். ஹீலியத்துக்கு அந்த உலோகப் பூச்சில் எளிதில் வழி கிடைப்பதில்லை; அதனால்தான் வாரக்கணக்கில் நிற்கிறது.

தெருவில் விற்கும் கேஸ் பலூன்களில் மலிவுக்காக ஹைட்ரஜன் அடைப்பதும் உண்டு. அது ஹீலியத்தைவிட ஏறத்தாழ 8 சதவீதம் கூடுதலாகத் தூக்கும்; ரப்பரை விட்டு இன்னும் விரைவாக வெளியேறும்; தீயும் பிடிக்கும். அடைத்தது எந்த வாயு என்று தெரியாவிட்டால், கேக்கின் மெழுகுவர்த்திப் பக்கம் பலூனைக் கொண்டுபோகாதீர்கள்.

காலையில் அவை இடுப்பளவில் நின்றதற்குக் காரணம் நூல். முழு நூலையும் தூக்க வலுவில்லாத பலூன், தன்னால் முடிந்த நீளத்தை மட்டும் தூக்கிக்கொண்டு, மீதியைத் தரையில் சுருளவிட்டு நிற்கும். அந்த வேளையில் நூலைக் கழுத்தோடு வெட்டிவிட்டிருந்தால், அது மறுபடியும் கூரைக்குப் போய்ச் சிறிது நேரம் இருந்துவிட்டுத்தான் இறங்கியிருக்கும்.