குளிக்கும்போது வரும் யோசனை மேசையில் வருவதில்லையா?

மேசையில் உட்கார்ந்து யோசனையைத் தேடுவதை நிறுத்துங்கள். அங்கே கேள்வியை மட்டும் ஒரு வரியில் எழுதிவிட்டு, எழுந்து நடங்கள்.

குளிக்கும்போது தோன்றுவது லேப்டாப்பைத் திறந்ததும் மறைந்துவிடுகிறது என்கிறீர்களே, அது சோம்பல் இல்லை. அனேகமாக, எழுதும்போதே திருத்தவும் செய்கிறீர்கள். முதல் வரி முடிவதற்குள் விரல் அழிக்கும் பொத்தானுக்குப் போய்விடும். (எனக்கும் இதே வியாதிதான்.)

ஒன்று செய்து பாருங்கள். நாளைக்குக் காகிதமும் பேனாவும் மட்டும். பத்து நிமிடம் எழுதுங்கள், எழுதிய எதையும் அடித்துத் திருத்தக் கூடாது. இருபது வரி வந்தால் சிக்கல் கற்பனையில் இல்லை, திருத்தும் அவசரத்தில்தான். இரண்டு மூன்றோடு நின்றுவிட்டால், விஷயத்துக்குள் இன்னும் போதுமான அளவு இறங்கவில்லை என்று அர்த்தம். முதலில் அதைப் படியுங்கள், அப்புறம் நடக்கலாம்.

ஆனால் நடை எல்லாவற்றுக்கும் மருந்தில்லை. 2014-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் வெளியிட்ட சோதனைகளில், வெற்றுச் சுவரைப் பார்த்தபடி ட்ரெட்மில்லில் நடந்தவர்களுக்குக்கூட யோசனைகள் கூடுதலாக வந்தன. ஒரே சரியான விடையைக் கண்டுபிடிக்கும் புதிர்களுக்கு மட்டும் நடை கைகொடுக்கவில்லை. அதனால், வந்ததில் நல்லதைப் பொறுக்கும் வேலையை உட்கார்ந்தே செய்யுங்கள்.