பக்கங்கள் திறக்கின்றன, வானொலி மட்டும் ஒலிக்கவில்லை

கேள்வி: கொக்குவிலில் ஆங்கிலப் பயிற்சி நிலையமொன்றின் கணனிக் கூடத்துக்குப் பொறுப்பாக உள்ளேன். எங்கள் இணையம், கணனிகளுக்கும் வெளி இணையத்துக்கும் இடையே நிற்கும் புறொக்சி சேவர் ஊடாகவே வருகிறது. இணையப் பக்கங்கள் அனைத்தும் திறக்கின்றன. மாணவர்கள் கேட்கும் இணைய வானொலி மட்டும் பிழைச் செய்தி எதுவும் காட்டாமல் வீஎல்சி என்ற ஒலி, ஒளி இயக்கும் மென்பொருளில் 0:00 இலேயே நிற்கிறது. வேகம் போதாதென்றும் புதிய றவுட்டரும் பெரிய பக்கேஜும் வேண்டுமென்றும் கடைக்காரர் கூறுகிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். 8 பிற் ஒரு பைற் என்பதால், 128 கிலோபிற் வானொலிக்கு நொடிக்கு 16 கிலோபைற் போதும். ஒரு மணி நேரம் முழுவதும் கேட்டாலும் 58 மெகாபைற்றுக்குள் அடங்கிவிடும். வேகம் குறைந்தால் ஒலி விட்டுவிட்டு வருமே தவிர, தொடங்காமலே இருக்காது. இந்த எளிய வேறுபாட்டைச் சொல்லாமல் பெட்டிகளை விற்பவர்கள் நம் ஊரில் அதிகம் என்பதால், மாணவர் கட்டணத்தில் ஓடும் நிலையங்கள் தேவையற்ற செலவில் விழுவதைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது.

முதலில் அதே வானொலி முகவரியை உலாவியில் திறந்து பாருங்கள். அங்கே ஒலித்தால் குறை வீஎல்சியின் அமைப்பில்தான். உலாவியில் உள்ள புறொக்சி முகவரியையும் போர்ட் (இணைப்பு வாயில்) எண்ணையும் அதிலும் பதியுங்கள். உலாவியில் 403 (அனுமதி மறுப்பு) என்று வந்தால், வானொலியின் போர்ட்டை, பெரும்பாலும் 8000 ஐ, புறொக்சி மறுத்திருக்கக்கூடும்.

நீங்கள் கூறும் அறிகுறி இவ்விரண்டையும்விட வேறொன்றையே காட்டுகிறது. வைரஸ் சோதனை செய்யும் புறொக்சிகள் பல, வரும் கோப்பை முழுவதுமாக வாங்கிச் சோதித்த பின்னரே உங்களிடம் கொடுக்கும். இணையப் பக்கத்துக்கு முடிவு உண்டு, ஆகவே அது வந்து சேர்கிறது. நேரடி வானொலியோ முடிவே இல்லாத ஒரு கோப்பு. புறொக்சி அதன் முடிவுக்காகக் காத்திருக்க, வீஎல்சி புறொக்சிக்காகக் காத்திருக்கிறது; இரண்டுமே பிழை என்று எதையும் அறிவிப்பதில்லை. எத்தனை றவுட்டர் மாற்றினாலும் இந்த நிலை மாறாது. அந்த முகவரிக்கு மட்டும் சோதனையிலிருந்து விலக்களிக்குமாறு புறொக்சியை நிர்வகிப்பவரிடம் எழுத்தில் கேளுங்கள். சோதனை முழுவதையும் நிறுத்தச் சொல்லாதீர்கள்.

இதற்கு வேண்டியது ஒரேயொரு வரி மாற்றம். ஆயினும் சேவரைப் பொருத்தியவர் கடவுச்சொல்லை ஒப்படைக்காமலே போய்விடுவதும், பின்னர் சிறு திருத்தத்துக்குக்கூடக் கட்டணம் கேட்பதும், மேலிடத்து அனுமதிக் கடிதம் மேசை மேசையாக அலைவதும் இங்கு வழமையாகிவிட்டன. பணம் கொடுக்கும் நிலையம் கடவுச்சொல்லைக் கேட்டுப் பெறுவதில் தயங்கவே கூடாது. அந்தத் தாமதத்தைப் பயன்படுத்தி, புறொக்சியைத் தாண்டும் இலவசச் செயலியொன்றை நிறுவித்தர யாராவது முன்வந்தால் மறுத்துவிடுங்கள். உங்கள் கணனிகளின் போக்குவரத்து முழுவதும் முன்பின் தெரியாத ஒருவரின் சேவர் வழியாகப் போகும்.

அனுமதி வரும்வரை, அதே வானொலிக்கு எம்3யு8 (.m3u8) என்று முடியும் முகவரி இருக்கிறதா என்று பாருங்கள். அதில் ஒலி சில நொடி நீளமுள்ள சிறு கோப்புகளாக வருவதால், ஒவ்வொன்றையும் சோதித்து முடித்தே புறொக்சி உங்களுக்குத் தந்துவிடும்.